எந்தத் தட்டை அழிக்கிறோம்?

எழுதுவதற்காக மனிதன் பட்ட பாடு நமக்குத் தெரியும். எழுதியதைச் சரியானபடி அழிப்பதற்கும் அவன் ஏறத்தாழ அதே அளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்றால் நீங்கள் வியப்படையலாம்.

குருவிகுளத்துக்கு அண்மையில் உள்ள கழுகுமலையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அங்கே பாறையில் செதுக்கிய சமணச் சிற்பங்களின் கீழே, ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட வட்டெழுத்துக் கல்வெட்டுக்கள் இருக்கின்றன. எத்தனையோ மழையும் வெயிலும் கண்டும் அவை அழியவில்லை. இதற்கு நேர்மாறானது பள்ளிக்கூடத்துச் சிலேட்டு. கோவை இலையைக் கசக்கித் துடைத்தால் எழுத்து போய்விடும். ஆனால் காய்ந்த பிறகு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்; முன்பு எழுதியதன் சாயல் மங்கலாகத் தெரியும்.

இன்று நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் இருக்கும் கணிப்பொறிகளின் காந்தத் தட்டு, அதாவது ஹார்டு டிஸ்க், எந்த வகையைச் சேர்ந்தது? சிலேட்டைப் போல ஒரு துடைப்பில் அழிந்துவிடும் என்று நினைத்து நாம் அதைக் கைமாற்றுகிறோம். அதுவோ கல்வெட்டைப் போல எழுதியதை விடாமல் வைத்துக்கொண்டிருக்கிறது.

இது நகரத்து விஷயம் மட்டுமன்று. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் மூலம், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் படித்த இலட்சக்கணக்கான மாணவர்களின் வீடுகளுக்கு ஆளுக்கொரு கணிப்பொறி வந்து சேர்ந்தது. அவற்றுள் பழுதாகிப் பரணில் கிடப்பவை எத்தனை, பழைய சாமான் கடைக்குப் போனவை எத்தனை! ஒவ்வொன்றிலும் குடும்பப் புகைப்படங்கள், மதிப்பெண் பட்டியல், ஆதார் நகல், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் படம் என்று ஏதாவது இருந்திருக்கும்.

பழைய தட்டுக்களை மொத்தமாக வாங்கிச் சோதித்து, பழைய தகவலை அழித்து, மறுபடியும் விற்பனைக்கு அனுப்பும் தொழிற்கூடங்கள் இன்று உலகெங்கும் உள்ளன. அங்கே ஒரு மேசையில் பல தட்டுக்களைச் செருகிவிடுகிறார்கள். இயந்திரம் தானாகவே ஒவ்வொன்றையும் சோதித்து அழிக்கிறது. ஒன்று முடிந்ததும் அதைக் கழற்றி வேறொன்றைச் செருகுகிறார்கள். எளிய வேலைதான். ஆனால் இதில் ஒரு பெரிய கேள்வி ஒளிந்திருக்கிறது: இப்போது செருகியிருப்பது எந்தத் தட்டு என்பது அந்த இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? இந்த ஒரு கேள்விக்கு விடை தேடிய வரலாற்றையே இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

கரிவலம்வந்தநல்லூரில் நடந்தது

முதலில் நம் வட்டாரத்திலேயே நடந்த ஒரு நிகழ்ச்சி. சங்கரன்கோவிலிலிருந்து இராசபாளையம் செல்லும் சாலையில் கரிவலம்வந்தநல்லூர் இருக்கிறது. அங்குள்ள பால்வண்ணநாதர் கோயிலில், புலவராகவும் அரசராகவும் விளங்கிய வரதுங்கராம பாண்டியரின் ஏட்டுச் சுவடிகள் இருப்பதாக டாக்டர் உ.வே.சாமிநாதையர் (1855-1942) கேள்விப்பட்டார். பழந்தமிழ் நூல்களின் ஏடுகளைத் தேடி அவர் ஊரூராகச் சென்றுகொண்டிருந்த காலம் அது. ஆவலோடு போய் விசாரித்தார். அங்கே கிடைத்த பதில் அவரைக் கலங்கச் செய்தது. பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் எறியக்கூடாது, நெய்யில் தோய்த்து ஹோமத்தீயில் இடவேண்டும் என்று சாத்திரம் இருப்பதாகக் கூறி, அவற்றை அப்படியே நெருப்பில் இட்டுவிட்டார்களாம்! இந்தத் துயரத்தை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

அந்தக் காரியத்தைச் செய்தவர்கள் தீயவர்கள் அல்லர். தாங்கள் அறிந்த முறைப்படி, மரியாதையோடுதான் செய்தார்கள். அவர்களுடைய அழிக்கும் முறையிலும் குறையில்லை. நெருப்பில் போன ஏடு திரும்பி வராது. குறை வேறிடத்தில் இருந்தது. எந்த ஏடு வெறும் பழங்கணக்கு, எந்த ஏடு வேறெங்கும் படி இல்லாத நூல் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துப் பெயரெழுதி வைப்பார் இல்லை. கட்டு முழுவதும் ஒரே குப்பையாகக் கணக்கிடப்பட்டது.

அழிப்பதில் இரண்டு வகைப் பிழைகள் உண்டு. இருக்கவேண்டியதை அழிப்பது ஒன்று. அழிக்கவேண்டியதை விட்டுவிடுவது மற்றொன்று. கரிவலம்வந்தநல்லூரில் நடந்தது முதல் வகை. காந்தத் தட்டின் வரலாற்றில் இவ்விரண்டும் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கலாம்.

கழற்றி மாட்டும் தட்டு வந்தது

உலகின் முதல் காந்தத் தட்டுக் கருவியை ஐ.பி.எம். நிறுவனம் 1956 செப்டம்பரில் அறிமுகப்படுத்தியது. அதன் பெயர் ராமாக். 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுக்களை ஓர் அச்சில் அடுக்கி வைத்திருந்தார்கள். ஆலைக் குடைகல்லைப் போன்ற அந்த அடுக்கு முழுவதிலும் எழுதக்கூடியது 50 இலட்சம் எழுத்துக்களே. இன்று சட்டைப் பையில் அடங்கும் ஒரு டெராபைட் தட்டில் ஒரு இலட்சம் கோடி எழுத்துக்களை எழுதலாம். அதாவது இரண்டு இலட்சம் ராமாக் கருவிகளின் சுமை!

ராமாக்கின் தட்டுக்களைக் கழற்ற முடியாது. ஆகவே 'எந்தத் தட்டு' என்ற கேள்வியே அப்போது எழவில்லை. 1962-இல் அதே நிறுவனம் 1311 என்னும் கருவியை வெளியிட்டபோது நிலைமை மாறியது. அதில் ஆறு தட்டுக்கள் கொண்ட அடுக்கை, கைப்பிடியுள்ள மூடியோடு அடுக்குப் பாத்திரத்தைத் தூக்குவதைப் போலத் தூக்கி வெளியே எடுத்துவிடலாம். வேறோர் அடுக்கை மாட்டலாம். ஒரே கருவியில் காலையில் சம்பளக் கணக்கு, மாலையில் சரக்குக் கணக்கு!

வசதியோடு ஆபத்தும் வந்தது. சரக்குக் கணக்கை மாட்டியிருக்கும்போது சம்பளக் கணக்கை எழுதும் நிரலை ஓட்டிவிட்டால் என்ன ஆகும்? பழைய கணக்கு போயிற்று. புதிய கணக்கும் தவறான இடத்தில் ஏறிற்று.

இதற்கு 1960-களின் பெரிய கணிப்பொறிகள் ஒரு நல்ல வழியைக் கண்டன. ஒவ்வொரு தட்டடுக்கின் தொடக்கத்திலும் ஆறு எழுத்துக்கள் கொண்ட ஓர் அடையாள எண்ணைக் காந்தப் பதிவாகவே எழுதி வைத்தார்கள். இயங்குபவருக்குக் கணிப்பொறி "இன்ன எண்ணுள்ள தட்டை மாட்டுக" என்று செய்தி அனுப்பும். மாட்டிய பிறகு அவருடைய சொல்லை நம்பிவிடாமல், தட்டிலுள்ள எண்ணைத் தானே படித்துப் பார்க்கும். எண் ஒத்திருந்தால்தான் வேலை தொடங்கும். சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-இல் நிறுவப்பட்ட ஐ.பி.எம். 370/155 கணிப்பொறியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

இதிலுள்ள தத்துவத்தைக் கவனியுங்கள். தட்டின் அடையாளம் அது அமர்ந்திருக்கும் இடத்தில் இல்லை, தட்டிலேயே இருக்கிறது. வகுப்பில் மூன்றாம் வரிசை நான்காம் இடத்தில் இருக்கும் மாணவன் என்று சொல்வதற்கும், பெயர் சொல்லி அழைப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். இடம் மாறி உட்கார்ந்தால் முதல் முறை ஏமாற்றிவிடும்.

சிறிய கணிப்பொறியின் மறதி

பெரிய கணிப்பொறிகள் கற்ற இந்தப் பாடத்தைச் சிறிய கணிப்பொறிகள் மறுபடியும் முதலிலிருந்து கற்கவேண்டியிருந்தது. 1970-களில் பிளாப்பி எனப்படும் வளையும் தட்டு பரவியது. அதை ஏ, பி என்று செருகும் இடத்தின் பெயரால் அழைத்தார்கள். உள்ளே எந்த பிளாப்பி இருக்கிறது என்பதைப் பயனாளரே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த சி.பி./எம். என்னும் இயக்க முறைமை ஓர் எச்சரிக்கையைக் கையாண்டது. பிளாப்பியின் கோப்பு அட்டவணையைக் கூட்டிப் பார்த்து ஒரு சரிபார்ப்பு எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளும். நடுவில் யாராவது பிளாப்பியை மாற்றிவிட்டால் கூட்டல் ஒத்துவராது. உடனே, "இதில் இனி எழுதமாட்டேன், படிக்க மட்டும் செய்வேன்" என்று நின்றுவிடும். பலர் இதை ஒரு தொல்லையாகவே கருதினார்கள். உண்மையில் அது எத்தனையோ பேருடைய உழைப்பைக் காப்பாற்றியது. 1988-இல் வந்த எம்.எஸ்.டாஸ் 4-ஆம் பதிப்பிலிருந்து, தட்டை எழுதுவதற்குத் தயார் செய்யும்போதே ஒரு வரிசை எண்ணையும் எழுதிவைக்கும் வழக்கம் வந்தது.

இதற்கிடையே, 1973-இல் வந்த ஐ.பி.எம். 3340, தட்டையும் படிக்கும் தலையையும் ஒரே மூடிய பெட்டிக்குள் வைத்தது. 1980-இல் சீகேட் நிறுவனத்தின் சிறிய தட்டு 50 இலட்சம் எழுத்துக்களை ஐந்தேகால் அங்குல அளவுக்குள் அடக்கியது. பெட்டிக்குள் மூடிய இத்தகைய தட்டுக்களுக்குத் தொழிற்சாலையிலேயே வரிசை எண் கொடுக்கப்பட்டது. பின்னர் வந்த தட்டுக்களில் இந்த எண் மேலே ஒட்டிய தாளில் மட்டுமன்றி, உள்ளேயும் பதிந்திருக்கும். கணிப்பொறி கேட்டால் தட்டு தன் மாதிரிப் பெயரையும் வரிசை எண்ணையும் தானே சொல்லும். எல்லாத் தகவலையும் அழித்த பிறகும் இந்த எண் அழியாது. நம் கேள்விக்குக் கிடைத்த மிகச் சிறந்த விடை இதுவே.

சோதனையும் ஓர் அழிப்பே

இனி, தட்டு நல்லதா கெட்டதா என்று எப்படி அறிகிறார்கள் என்று பார்ப்போம்.

1995-இல் வந்த 'ஸ்மார்ட்' என்னும் ஏற்பாட்டின்படி, தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துக்கொள்ளும். எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை இடங்கள் பழுதாகி வேறிடம் ஒதுக்கப்பட்டது என்பன போன்ற விவரங்கள் அதில் இருக்கும். இது பயனுள்ளதே, ஆனால் முழுமையானதன்று. கூகுள் நிறுவனத்தார் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுக்களை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட அறிக்கையில், செயலிழந்த தட்டுக்களில் 56 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு குறிப்புக்களில் ஒன்றிலும் முன்னறிகுறி காட்டவில்லை என்று கண்டார்கள். நாடி பார்த்தால் மட்டும் போதாது என்பதுபோல!

ஆகவே எழுதிப் படித்துப் பார்க்கும் சோதனை வேண்டும். 10101010 என்று தட்டு முழுவதும் எழுதி, திரும்பப் படித்து, ஒத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு 01010101, பிறகு எல்லாம் ஒன்று, கடைசியில் எல்லாம் சுழி. எந்த இடம் எழுதியதைத் திருப்பிச் சொல்லவில்லையோ அது பழுது.

இங்கே ஒன்றைக் கவனித்தீர்களா? எழுதிப் பார்க்கும் சோதனை ஓடிய இடத்தில் பழைய தகவல் இருக்காது. சோதனை என்று பெயர் வைத்தாலும் அது அழிப்பே. "சும்மா சோதித்துத்தான் பார்த்தேன்" என்று சொல்லித் தப்ப முடியாது. தவறான தட்டில் ஓட்டிவிட்டால், அதன் பிறகு நகல் எடுக்க நினைப்பது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான்.

எத்தனை முறை அழிப்பது?

கோப்பை நீக்கு என்று கட்டளையிட்டால் கணிப்பொறி என்ன செய்கிறது? பொதுவாக, அட்டவணையில் அந்தக் கோப்பின் பெயரை நீக்கி, அந்த இடம் காலி என்று குறித்துக்கொள்கிறது, அவ்வளவே. நூலகத்தில் அட்டையைக் கிழித்தாலும் புத்தகம் அலமாரியிலேயே இருப்பதுபோல, தகவல் தட்டில் இருந்துகொண்டே இருக்கும்.

இதை அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலத் என்னும் இரு மாணவர்கள் கண்கூடாகக் காட்டினார்கள். அவர்கள் 158 பழைய தட்டுக்களை விலைக்கு வாங்கினார்கள். 129 வேலை செய்தன. அவற்றுள் முறையாக அழிக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே! ஒன்று வங்கியின் பணம் வழங்கும் இயந்திரத்திலிருந்து வந்தது. ஏறத்தாழ ஓராண்டுக் கொடுக்கல் வாங்கல் அதில் அப்படியே இருந்தது. இந்த ஆய்வு 2003-இல் வெளியாயிற்று.

சரி, பழைய எழுத்தின் மேல் வேறு எழுதினால்? சிலேட்டுச் சாயலைப் போல ஏதாவது மிஞ்சுமா? 1996-இல் நியூசிலாந்து விஞ்ஞானி பீட்டர் கட்மன் 35 முறை மேலெழுதும் ஒரு வரிசையை வகுத்தார். அது அக்காலத்தில் வழங்கிய பலவகைத் தட்டுக்களுக்கும் சேர்த்து வகுத்த பட்டியல். ஒரு தட்டுக்கு 35 முறையும் தேவையில்லை என்று அவரே பின்னர் விளக்கினார். ஆயினும் '35' என்ற எண் மந்திரம் போலப் பரவிவிட்டது. 2008 டிசம்பரில் ஹைதராபாதில் நடந்த தகவல் பாதுகாப்பு மாநாட்டில் வைக்கப்பட்ட ஓர் ஆய்வுக்கட்டுரை, முழுமையாக ஒருமுறை மேலெழுதிய தட்டிலிருந்து பழைய தகவலை நுண்ணோக்கியாலும் பயனுள்ளபடி மீட்க முடியாது என்று காட்டியது.

கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு டெராபைட் தட்டில் நொடிக்கு 15 கோடி எழுத்துக்கள் வீதம் எழுதினால் ஒருமுறை முடிக்க 1 மணி 51 நிமிடம் ஆகும். 35 முறை எழுத ஏறத்தாழ 65 மணி நேரம்! அதற்குப் பதில் ஒருமுறை எழுதி, ஒருமுறை திரும்பப் படித்துச் சரிபார்த்தால் நான்கு மணிக்குள் முடியும். பழுதென்று ஒதுக்கிய இடங்களைச் சாதாரணமாக மேலெழுதும் முறை எட்டாது. காந்தமில்லாத மின்னணு நினைவகத் தட்டுக்களிலும் ஒதுக்கிடங்கள் பல உண்டு. இவற்றுக்குத் தட்டின் உள்ளேயே அமைந்த அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்துவார்கள். அதுவும் நடக்கவில்லையென்றால் தட்டைப் பொடியாக்குவதே வழி.

மேசையின் மேல் நடப்பது

இப்போது தொழிற்கூடத்து மேசைக்குத் திரும்புவோம். எட்டு இடங்கள், எட்டுத் தட்டுக்கள். மின்சாரத்தை நிறுத்தாமலே கழற்றி மாட்டும் வசதி இன்றைய இணைப்புக்களில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் சில மணி நேரம் பிடிப்பதால், ஒரே ஆள் எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதில்லை. முடிந்ததைக் கழற்றுவார், புதியதை மாட்டுவார், போய்விடுவார்.

கணிப்பொறியோ தட்டுக்குத் தற்காலிகப் பெயர் ஒன்றை வைக்கிறது. லினக்ஸ் முறைமையில் எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி., எஸ்.டி.சி. என்று கண்டுபிடித்த வரிசையில் பெயர் வரும். ஒரு தட்டைக் கழற்றி மற்றொன்றை மாட்டினால், பழைய பெயரே புதிய தட்டுக்கு வந்துவிடலாம். காலையில் 'பி' என்பது குப்பைத் தட்டு. மாலையில் 'பி' என்பது நகல் எடுப்பதற்காக யாரோ செருகிய நல்ல தட்டு. "பி-யை அழி" என்ற கட்டளைக்கு இந்த வேறுபாடு தெரியாது. பழைய பிளாப்பிக் காலத்து ஆபத்து, பல இலட்சம் மடங்கு பெரிய தட்டோடு திரும்பி வந்திருக்கிறது!

இரண்டாம் வகைப் பிழையும் இங்கேதான் நிகழ்கிறது. முக்கால்வாசி அழித்த நிலையில் ஒரு தட்டைத் தவறுதலாகக் கழற்றி, வேறொன்றை அதே இடத்தில் மாட்டுகிறார்கள். இயந்திரம் இடத்தை மட்டும் கணக்கில் கொண்டால், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து அழித்து, "முடிந்தது" என்று எழுதிவிடும். விளைவு? முதல் தட்டில் கடைசிக் கால்வாசி மிஞ்சியிருக்கிறது; இரண்டாம் தட்டில் முதல் முக்கால்வாசி மிஞ்சியிருக்கிறது. சான்றிதழோ ஒன்று!

ஆகவே நல்ல முறை இப்படி அமைகிறது. தட்டைச் செருகியதும் அதன் வரிசை எண்ணைக் கேள். அழிக்கவேண்டியவற்றின் பட்டியலில் அந்த எண் இருந்தால் மட்டும் தொடங்கு, இல்லையென்றால் தொடாதே. இணைப்பு ஒரு கணம் அறுந்தாலும் நிறுத்து. மறுபடி எண்ணைக் கேள். வேறு எண் என்றால் முதலிலிருந்து தொடங்கு. முடிந்தபின் முழுவதும் படித்துச் சரிபார். எண், தேதி, முறை, முடிவு ஆகிய நான்கையும் எழுது. முடிந்த தட்டும் முடியாத தட்டும் ஒரே கூடையில் விழக்கூடாது.

கடைசி விதியை அற்பமென்று எண்ணாதீர்கள். அமெரிக்காவில் மார்கன் ஸ்டான்லி என்னும் பெரிய நிதி நிறுவனம், தகவல் அழிப்பில் அனுபவமே இல்லாத ஒரு சாமான் ஏற்றிச் செல்லும் நிறுவனத்திடம் பழைய கருவிகளை ஒப்படைத்தது. அவற்றில் சில, வாடிக்கையாளர் விவரங்களோடு இணைய ஏலத்தில் விற்பனைக்கு வந்துவிட்டன. வேறொரு சமயம் கணக்குப் பார்த்தபோது, 42 கருவிகள் எங்கே போயின என்றே தெரியவில்லை. 2022 செப்டம்பரில் அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையம் அந்நிறுவனத்துக்கு 3 கோடியே 50 இலட்சம் டாலர் அபராதம் விதித்தது. தோற்றது அழிக்கும் விஞ்ஞானம் அன்று. எந்தத் தட்டு எங்கே என்று எழுதி வைக்கும் கணக்கு.

நீங்கள் செய்யக்கூடியது

நம் நாட்டிலும் 2023-இல் நிறைவேறிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், தேவை முடிந்த பின் பிறருடைய விவரங்களை அழித்துவிடும் கடமையை நிறுவனங்களுக்கு விதித்திருக்கிறது. ஆனால் பரணிலுள்ள உங்கள் பழைய கணிப்பொறிக்கு நீங்களே பொறுப்பு.

அதைக் கொடுக்குமுன் முதலில், இருக்கவேண்டியதைப் பிரித்தெடுங்கள். வேறு நகல் இல்லாத பாட்டியின் புகைப்படம் அதில் இருக்கலாம். நகல் எடுத்து, அந்த நகல் வேறொரு கணிப்பொறியில் திறக்கிறதா என்று பாருங்கள். பிறகு நகல் வைத்த தட்டைக் கழற்றி, வேறு அறையில் வையுங்கள். அழிக்கும் நேரத்தில் அது மேசையிலேயே இருக்கக்கூடாது. அழிக்கவேண்டிய தட்டின் வரிசை எண்ணைத் தாளில் எழுதுங்கள். திரையில் தோன்றும் எண்ணோடு அதை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஒத்திருந்தால் முழுவதும் ஒருமுறை மேலெழுதி, சரிபார்த்து, தட்டின் மேல் தேதியிட்டுக் குறித்து வையுங்கள்.

எண்ணை ஒப்பிட அரை நிமிடம் ஆகும். கரிவலம்வந்தநல்லூரில் ஏட்டுக் கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு சுவடியின் முதல் ஏட்டையும் படித்துப் பார்க்கச் சில நாட்கள் ஆகியிருக்கலாம். அங்கே எரிந்தவற்றில் என்னென்ன நூல்கள் இருந்தன என்பதைச் சொல்ல ஒரு பட்டியல்கூட நமக்கு மிஞ்சவில்லை.